கட்டளை வரியில் தமிழ் ஆப்ஷன்கள்: ஹாஸ்கெலின் மூன்று லைப்ரரிகளை வைத்துப் பார்த்தது

பினாங்கில் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் எங்கள் குடும்பமும் நண்பர்களும் சேர்ந்து ஒரு தண்ணீர்ப் பந்தல் போடுகிறோம். யார் எந்த நேரத்தில் நிற்பது, யார் மோர் கலக்குவது என்ற பட்டியலைத் தயாரிக்க ஹாஸ்கெல் மொழியில் ஒரு சிறு நிரல் எழுதி வைத்திருக்கிறேன். அதை இயக்குவது நானல்ல, என் சித்தப்பா. அவருக்காக, கட்டளையோடு சேர்த்துத் தட்டும் ஆப்ஷன்களின் பெயர்களையும் தமிழிலேயே வைத்தேன்:

பட்டியல் --கோப்பு தொண்டர்கள் --பந்தல் 2 --நேரம் 6

ஹாஸ்கெலில் இப்படி இரண்டு கோடிட்டு எழுதும் நீண்ட ஆப்ஷனின் பெயர் வெறும் எழுத்துச் சரம்தான் என்பதால் இதற்கு எந்தத் தடையும் இல்லை. முதலில் இதை, கட்டளை வரியில் தட்டியதைப் பிரித்துப் படிக்கும் கெட்ஆப்ட் என்ற கருவியைக் கொண்டு எழுதினேன். அது கம்பைலருடனேயே வரும் அடிப்படை லைப்ரரியில் இருக்கிறது. தனியாக எதையும் இறக்க வேண்டாம். சி மொழிக்கான குனு கெட்ஆப்டின் வழியைப் பின்பற்றி ஸ்வென் பன்னெ எழுதியது. ஆப்ஷன்களை ஒரு பட்டியலாகக் கொடுத்தால் மூன்றைத் திருப்பித் தருகிறது: கண்டுகொண்ட ஆப்ஷன்கள், மிச்சச் சொற்கள், பிழைகள். ஆவணங்களின் வடிவத்தை மாற்றும் பாண்டாக், ஷெல் நிரல்களைச் சோதிக்கும் ஷெல்செக் போன்ற பெரிய நிரல்களே இதை நம்பித்தான் நடக்கின்றன. ஆகவே இது சிறுபிள்ளைகளுக்கான கருவி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஆனால் கெட்ஆப்ட் மதிப்புகளைச் சரமாகவே கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. எண்ணாக மாற்றுவது நம் பொறுப்பு. நான் அதை ரீட் என்ற சார்பிடம் விட்டிருந்தேன். தைப்பூசத்துக்கு முந்தின இரவு சித்தப்பா "--நேரம் 6மணி" என்று தட்டினார். ஹாஸ்கெல் ஒரு மதிப்பு தேவைப்படும்போதுதான் அதைக் கணக்கிடும். அதனால் தலைப்பு வந்தது, பந்தலின் பெயர் வந்தது, முதல் நான்கு தொண்டர்களின் பெயர்கள் வந்தன, பிறகு "பிரெலூட் ரீட்: நோ பார்ஸ்" என்று நிரல் செத்தது. பாதிப் பட்டியல் தாளில் அச்சாகியும் விட்டது. "தம்பி, நான் எதைத் தப்பாகக் கொடுத்தேன் என்று இது சொல்லவே இல்லையே" என்றார். அந்தக் கேள்விதான் என்னை மற்ற லைப்ரரிகளைப் பார்க்க வைத்தது.

பாவ்லோ காப்ரியோத்தி எழுதிய ஆப்ட்பார்ஸ்-அப்ளிக்கேட்டிவ் இந்த இடத்தில் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. எந்த ஆப்ஷன் எந்த வகை மதிப்பை வாங்கும் என்பதை முதலிலேயே அறிவித்துவிடுகிறோம். நிரலின் உண்மையான வேலை தொடங்குவதற்கு முன்பே எல்லா மதிப்புகளும் சோதிக்கப்படுகின்றன. "6மணி" என்று கொடுத்தால், நேரம் என்ற ஆப்ஷனுக்கு வந்த இந்த மதிப்பைப் படிக்க முடியவில்லை என்று ஆப்ஷனின் பெயரோடு சொல்கிறது. கோப்பு கட்டாயம் என்று அறிவித்திருந்து அதை விட்டுவிட்டால், விடுபட்டது இதுதான் என்று காட்டிப் பயன்பாட்டு வரியையும் அச்சிடுகிறது. கெட்ஆப்டில் "கட்டாயம்" என்ற கருத்தே கிடையாது. வந்தது வந்தது, வராதது வரவில்லை, அவ்வளவுதான்.

உதவிப் பக்கத்தை அது தானாக எழுதிக்கொள்வதற்கான காரணம் பெயரின் பின்பாதியான அப்ளிக்கேட்டிவிலேயே இருக்கிறது. மோனாட் என்ற வழியில் கட்டிய பகுப்பியில் (தட்டியதைப் பிரித்துப் படிக்கும் பகுதியில்), முதல் ஆப்ஷனின் மதிப்பைப் பார்த்த பிறகே அடுத்தது என்ன என்று தெரியும். முதல் தொண்டர் வந்து சேர்ந்த பிறகே அடுத்தவரை முடிவு செய்கிற பந்தல் மாதிரி. முழுப் பட்டியலை முன்கூட்டியே சுவரில் ஒட்ட முடியாது. அப்ளிக்கேட்டிவ் வழியில் எல்லா இடங்களும் முதலிலேயே நிர்ணயமாகிவிடுகின்றன. பிறகு வருவது ஆள் மட்டும்தான். அதனால் பகுப்பியை இயக்காமலேயே அதன் உருவத்தைச் சுற்றிப் பார்த்து உதவிப் பக்கத்தையும், பாஷ் ஷெல்லில் பாதி தட்டினால் மீதியை நிரப்பும் தானியங்கி நிறைவையும் உருவாக்க முடிகிறது. மெக்பிரைடும் பேட்டர்சனும் 2008-ல் அப்ளிக்கேட்டிவ் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தபோது அது எனக்கு வெறும் கணித அழகாகவே பட்டது. சித்தப்பாவின் கேள்விக்குப் பிறகுதான் அதன் பயன் புரிந்தது.

நீல் மிட்செலின் சிஎம்டிஆர்க்ஸ் எழுதுவதற்கு மூன்றிலும் மிகச் சுருக்கம். ஒரு ரெக்கார்டை (பெயரிட்ட புலங்களின் தொகுப்பை) எழுதி, அதன் புலங்களில் குறிப்புகளை ஒட்டினால் போதும். ஹாஸ்கெல் நிரல்களுக்குத் திருத்தம் சொல்லும் அவருடைய எச்லின்ட் அதைப் பயன்படுத்தியது. ஆனால் அதன் சுலப வடிவம் தூய்மையற்ற உத்தி ஒன்றின்மேல் நிற்கிறது. ஒரே மாதிரித் தெரியும் இரண்டு கோவைகளைக் கம்பைலர் ஒன்றாக்கிவிட்டால் ஒட்டிய குறிப்புகள் கலைந்துவிடும். அதைத் தடுக்கும் கட்டளையைக் கோப்பின் தலையில் நாமே எழுதியாக வேண்டும். ஓர் ஆண்டு கழித்து வந்து அந்த வரியை யாராவது "தேவையற்றது" என்று நீக்கினால் என்ன ஆகும் என்ற பயத்திலேயே அதை விட்டுவிட்டேன்.

இனி நம் மொழிக்கே உரிய சங்கதிகள். ஒரு கோடும் ஓர் எழுத்துமான குறுகிய ஆப்ஷனை இந்த லைப்ரரிகள் ஒற்றை யூனிகோடு குறியெண்ணாக (கணினி ஓர் எழுத்துக்கோ குறிக்கோ தரும் எண்ணாக) பார்க்கின்றன. நமக்கு "கோ" ஓர் எழுத்து. கணினிக்கு அது ககரமும் ஓகாரக் குறியுமாக இரண்டு. கோப்புக்கு "-க" என்று வைத்துவிட்டு யாராவது "-கோ தொண்டர்கள்" என்று தட்டினால், கெட்ஆப்டும் ஆப்ட்பார்ஸும் "க" என்ற ஆப்ஷனுக்கு ஓகாரக் குறியையே மதிப்பாக எடுத்துக்கொள்ளும். பிறகு தனியாக நிற்கும் அந்தக் குறியின் பெயரில் ஒரு கோப்பைத் தேடி, இல்லை என்று சொல்லும். ஆகவே தமிழில் குறுகிய ஆப்ஷன் வைப்பவர்கள் உயிர் எழுத்தோடும் அகர உயிர்மெய்யோடும் நின்றுகொள்வது நல்லது.

கெட்ஆப்ட் நீண்ட பெயரின் முன்பகுதியையும் ஏற்றுக்கொள்கிறது. சித்தப்பா "--பந்" என்றே பழகியிருந்தார். சாப்பாட்டு நேரத்துக்காக நான் "--பந்தி" என்று புதிதாக ஓர் ஆப்ஷன் சேர்த்ததும், எது என்று தெளிவில்லை என்று அது மறுத்துவிட்டது. "--ப" என்று மட்டும் கொடுத்தால் "--பெயர்" கூடப் பொருந்தும், ஏனென்றால் "பெ" என்ற எழுத்தின் முதல் குறியெண்ணும் பகரமே. ஆப்ட்பார்ஸ் இப்படிச் சுருக்கியதை நாம் கேட்டாலொழிய ஏற்காது. முதலில் கண்டிப்பாகத் தெரிந்தாலும், அடுத்த ஆண்டு நிரல் வளரும்போது பழைய பழக்கம் உடையாது. அந்தக் கண்டிப்புதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

வேறு இரண்டு சிக்கல்களில் எந்த லைப்ரரியும் உதவாது. ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஏகாரக் குறியும் காலுமாகச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் "கோப்பு"தான், ஒப்பீட்டில் வேறு வேறு. சொற்களைப் பகுப்பியிடம் கொடுப்பதற்கு முன்பே ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட வேண்டும். கெட்ஆப்ட், ஆப்ட்பார்ஸ் இரண்டிலும் சரங்களின் பட்டியலை நாமே கையில் எடுத்துக் கொடுக்கும் வழி இருப்பதால் இது ஒரு வரி வேலை. அடுத்தது உதவிப் பக்கத்தின் பத்திகள். "கோப்பு" மூன்று எழுத்து, ஆறு குறியெண். அகலத்தைக் குறியெண்ணால் எண்ணுவதால் வலப்பக்க விளக்கங்கள் ஒரே கோட்டில் நிற்காமல் ஏறி இறங்கி நிற்கும்.

மூன்று ஆப்ஷன் உள்ள, நான் மட்டும் இயக்கும் நிரலுக்கு இன்றும் கெட்ஆப்டையே எடுக்கிறேன். கூடுதல் லைப்ரரிப் பொட்டலங்களைக் கட்டிச் சுமக்க வேண்டாமே. இன்னொருவர் கையில் கொடுப்பதை ஆப்ட்பார்ஸில்தான் எழுதுகிறேன். பந்தல் நிரலையும் அப்படியே மாற்றிவிட்டேன். "விடுபட்டது" என்பதை அது இன்னும் ஆங்கிலத்தில்தான் சொல்கிறது. போன வாரம் சித்தப்பா வேண்டுமென்றே கோப்பின் பெயரை விட்டுவிட்டு இயக்கிப் பார்த்தார். திரையில் "--கோப்பு" என்று வந்ததும் அதன்மேல் விரலை வைத்துக் காட்டி, தானே சேர்த்துத் தட்டினார்.