வயிற்றைக் கீறுவதா, தசையை எரிப்பதா?

பினாங்கின் பத்து மாவுங் மீன்பிடித் துறையில் 'ஆழ்கடல் மீன்' என்று இறங்குவது பெரும்பாலும் தூரக்கடல் மீன்தான். பினாங்கைச் சுற்றி மலாக்கா நீரிணை 100 மீட்டர்கூட ஆழமில்லை. அறிவியலில் ஆழ்கடல் என்பது 200 மீட்டருக்குக் கீழேதான். அதனால் ஆழ்கடல் உணவு வலையை ஆராய நினைக்கும் என் அக்கா மகளுக்கு, அந்தமான் கடல் பக்கம் போகும் ஆய்வுக் கப்பலிலிருந்து நாற்பது ஐம்பது மீன் கிடைத்தாலே பெரிது. "மாமா, இருக்கிறதை வைத்து வயிற்றைப் பார்க்கவா, ஐசோடோப் பார்க்கவா?" என்று கேட்டாள். ஐசோடோப் என்பது ஒரே தனிமத்தின் கனமான, லேசான அணு வகைகள்.

வயிற்றைக் கீறுவது பழைய முறை, செலவும் குறைவு. வேறு எதுவும் அவ்வளவு எளிதில் தராத ஒன்றை அது தரும்: இரையின் பெயர். ஒரு கணவாய் அலகோ, மீனின் காதுக்குள் இருக்கும் செவிக்கல்லோ அகப்பட்டால் பல நேரம் இனம்வரை சொல்லிவிடலாம். ஆனால் ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது காற்றுப்பை விரிந்து, பல மீன்களுக்கு வயிறே வாய் வழியாகப் பிதுங்கிவிடும். வலைக்குள் சிக்கிய பிறகு பக்கத்து மீனைக் கடித்து விழுங்குவதும் உண்டு. ஜெல்லி மீனைத் தின்றிருந்தால் சீக்கிரமே கரைந்து தடயம் இருக்காது. மிஞ்சுவதும் கடைசி வேளைச் சாப்பாடு மட்டுமே.

ஐசோடோப் முறையில், உலர்த்திப் பொடித்த தசையில் ஒரு மில்லிகிராம் அளவை எரித்து, கனமான நைட்ரஜன்-15க்கும் லேசான நைட்ரஜன்-14க்கும் உள்ள விகிதத்தை அளக்கிறார்கள். உடல் லேசானதை அதிகமாகக் கழித்துவிடுவதால், உணவுச் சங்கிலியில் ஒரு படி ஏறினால் சராசரியாக ஆயிரத்துக்கு 3.4 பங்கு கூடுகிறது. கார்பனின் கனம்-லேசு விகிதம் அவ்வளவாக மாறாது. உணவின் மூலம் எது என்று அது காட்டும். வயிறு காலியாக இருந்தாலும் தசை பல மாதச் சாப்பாட்டைச் சொல்லும். ஆழ்கடலுக்கு இதுவே மேல் என்பது என் கருத்து.

ஆனால் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. 300 மீட்டரில் ஒரு மீன், 1500 மீட்டரில் ஒரு மீன். ஆழத்து மீனில் நைட்ரஜன் மதிப்பு 3.4 கூடுதல் என்று வையுங்கள். ஒரு படி மேலே தின்கிறதா? அவசியமில்லை. மேலிருந்து உதிரும் துகள்களை நுண்ணுயிர்கள் வழியெல்லாம் சிதைப்பதால், கீழே போகப் போக அந்தத் துகளிலேயே கனமான நைட்ரஜனின் பங்கு கூடிவிடுகிறது. பினாங்கின் சௌராஸ்தா சந்தையில் மீன் விலை அதிகமாக இருந்தால், பல கை மாறி வந்ததா, துறையிலேயே விலை அதிகமா என்று எப்படிச் சொல்வது? துறை விலை தெரிய வேண்டும்.

அதைக் காட்டுவதுதான் மூன்றாவது வழி, புரதத்தின் அலகுகளான அமினோ அமிலங்களின் நைட்ரஜனைத் தனித்தனியாக அளப்பது. பினைல்அலனின் என்ற அமினோ அமிலம் துறை விலை மாதிரி, படிக்குப் படி மாறுவதே இல்லை என்று சொல்லிவிடலாம். குளூட்டாமிக் அமிலம் ஒவ்வொரு கை மாறும்போதும் ஏறும், படிக்கு ஆயிரத்துக்குச் சுமார் 8 பங்கு. இரண்டும் ஒரே மீனில் இருப்பதால் அடித்தள மதிப்பை, அதாவது துறை விலையை, தனியாகத் தேடி அலைய வேண்டாம். வேலையும் செலவும் மிக அதிகம் என்பதுதான் குறை.

அவளுக்குச் சொன்னது இது: எல்லா மீனுக்கும் சாதாரண ஐசோடோப் போடு. ஆழம் மாறும் இடங்களில் ஏழெட்டு மீனுக்கு மட்டும் அமினோ அமிலம் பார். கொழுப்பில் கனமான கார்பன் குறைவு என்பதால் கார்பனுக்குக் கொழுப்பு நீக்கிய துண்டு, நைட்ரஜனுக்கு நீக்காத துண்டு. வயிறுகளையும் வீசிவிடாதே, எந்த இரை எவ்வளவு பங்கு என்று கலப்புக் கணக்குப் போட, முதலில் இரைகளின் பட்டியல் வேண்டும், அதை ஐசோடோப் தராது. அப்புறம், கப்பலில் இருப்பவர்களிடம் இப்போதே சொல்லி வை: முதுகுத் தசையில் ஒரு துண்டை வெட்டி உறைய வைத்த பிறகுதான் உடலை ஃபார்மலினில் போட வேண்டும். முந்திப் போட்டால் கார்பன் மதிப்பு மாறிவிடும்.