மார்கழியில் பேசிய வாடகை தையில் செல்லாது

வேலை விஷயமாக வெளியூர் போய் மாதக்கணக்கில் ஓட்டலில் தங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். எனக்குக் கைக்காசு 8,000 ரூபாயும் கம்பெனிக்கு 7,872 ரூபாயும் போனது. பெரிய தொகை இல்லைதான். ஆனால் போன விதம் இருக்கிறதே, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

திருப்பூர்ப் பக்கம் சாயக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பிளான்ட் போட்டுத் தரும் ஒரு சின்ன கம்பெனியில் இருக்கிறேன். 2011-இல் உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டு வெளியே விடாமல் பட்டறை ஓட்டுவது எப்படி என்று எங்கள் ஊர்க்காரர்கள் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார்கள். அந்தக் கைப்பழக்கத்துக்கு இப்போது வெளிமாநிலங்களில் கிராக்கி. அப்படித்தான் அகமதாபாத் நாரோலில் துணிக்குச் சாயம் போடும் ஒரு ப்ராசஸ் ஹவுஸில், கழிவுநீரை வடிகட்டும் ஆர்ஓ பிளான்ட்டை ஓட்டிக் காட்டி ஒப்படைக்கும் வேலை வந்தது. நானும், கூட ஒரு தம்பியும். 60 நாள் ஆகும் என்று கணக்கு. 2025 ஜனவரி 2 அன்று போய் இறங்க வேண்டும்.

நாரோலுக்குக் கிட்டத்தில் மணிநகர். அந்தக் காலத்தில் மில் வேலைக்குப் போன தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இருக்கிற பகுதி. டிசம்பர் கடைசியில் அங்கே ஒரு ஓட்டலுக்குப் போன் போட்டேன். மேனேஜர் என் இந்தியைக் கேட்டுவிட்டு, "அண்ணே, தமிழா?" என்றார். தாத்தா காலத்திலேயே போய்விட்ட குடும்பமாம். குஜராத்தி இழுவையோடு ஒரு தமிழ். எனக்கு மனசு குளிர்ந்துவிட்டது. ஏமாந்த கதை அங்கேயே ஆரம்பம்.

ஆன்லைனில் அந்த இரட்டைக் கட்டில் அறைக்கு 2,400 காட்டியது. நான் 1,500 என்றேன், அவர் 1,700 என்றார், 1,600-இல் வந்து நின்றோம். இரண்டு பேருக்கும் காலை டிபன், சுடுதண்ணீர், வைஃபை எல்லாம் சேர்த்து. "வரியும் இதுக்குள்ளதானே?" என்று போனில் கேட்டேன். "அண்ணே, நம்ம ஆளுங்ககிட்ட நான் கணக்குப் பாப்பேனா?" என்றார். கேட்ட கேள்விக்கு இது பதிலே இல்லை என்பது எனக்கு அன்று உறைக்கவில்லை. அப்புறம் நானே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்: "60 நாள் தங்குவோம், ஒரு நாளுக்கு 1600, பொங்கலுக்கு ஊருக்குப் போய் வருவோம்." பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. அவ்வளவுதான் எங்கள் ஒப்பந்தம். கம்பெனியிலிருந்து 30 நாளுக்கு 48,000 ரூபாய் அட்வான்ஸ் போனது.

இவ்வளவு லேசாக எப்படி இறங்கி வந்தார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நம் ஊரில் மார்கழியில் கல்யாண மண்டபம் காற்றாடுமே, அங்கேயும் அதே கதை. கமுர்தா என்கிறார்கள். டிசம்பர் நடுவிலிருந்து சங்கராந்தி வரை கல்யாணம் கிடையாது, ஓட்டல்களில் அறை காலி. சங்கராந்தி முடிந்ததோ இல்லையோ, ஊரே பந்தல். அவர் எனக்கு விலையைக் குறைக்கவில்லை. காலி அறைக்கு ஆள் பிடித்து, நாள் மாறும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறார்.

முதல் பத்து நாள் ஒரு குறையும் இல்லை. ஜனவரி 13 காலை கிளம்பி, சென்னை வரை விமானம், அங்கிருந்து ஊர். "பெட்டியை ரூம்லயே பூட்டி வச்சிட்டுப் போங்கண்ணே, இல்லாத நாளுக்கு எதுக்குக் காசு?" என்று மேனேஜரே வாசல்வரை வந்து சொன்னார். 18 மாலை திரும்பினோம். அறையைத் திறந்தால் எங்கள் பைகள் அலமாரி மேல் ஏறியிருக்கின்றன. விரிப்பு வேறு. தம்பி செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தவன் "ஸ்" என்று காலைத் தூக்கினான். குதிகாலில் ரோஸ் கலர் மாஞ்சா நூல். குனிந்து பார்த்தால் கட்டிலடியில் ஒரு சுருள் கிடக்கிறது, பக்கத்தில் பாதி தின்ற எள்ளு மிட்டாய்.

"என்னங்ணா, நம்ம ரூம்ல யாரோ பட்டம் விட்டிருக்காங்க" என்றான்.

நம் பொங்கலன்றுதான் அவர்களுக்கு உத்தராயண். 14, 15 இரண்டு நாளும் அகமதாபாத்தே மொட்டைமாடியில் நிற்கும். அதைப் பார்க்கவே வெளியூரிலிருந்து ஆள் வருகிறார்கள், மாடிகளைக்கூட வாடகைக்கு விடுகிறார்கள். எங்கள் அறைக்குப் பக்கத்திலேயே மாடிப்படி. அறை பெருக்கும் பையனைக் கேட்டேன். "பார்ட்டி வந்திருந்தாங்க" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். அன்றைக்கே கீழே போய்க் கேட்டிருக்க வேண்டும், ஒரு போட்டோவாவது எடுத்திருக்க வேண்டும். பிரயாணக் களைப்பு, நம்ம ஆளு என்ற கூச்சம், விட்டுவிட்டேன்.

நாலு நாள் கழித்து மேனேஜர் மேலே வந்தார். "அண்ணே, 24, 25, 26 மூணு நாளும் ரேட் 9,000. இல்லன்னா ரூமைக் காலி பண்ணிக் கொடுங்க, 27 வந்துருங்க." 25, 26 தேதிகளில் மோட்டேரா ஸ்டேடியத்தில் கோல்ட்பிளே என்ற இங்கிலாந்து இசைக்குழுவின் கச்சேரி. லட்சம் பேருக்கு மேல் உட்காரும் இடம். ஊரில் இருக்கிற அறையெல்லாம் பல மடங்கு விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. மோட்டேரா ஊரின் வடக்கே, நாங்கள் இருந்தது தெற்கே. இருந்தாலும் அறை அறைதானே. 2023 நவம்பரில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின்போதும் இப்படித்தான் இருந்தது என்று பெருமையாக வேறு சொன்னார். எனக்கு வயிற்றெரிச்சல் அதில் இல்லை. அந்தக் கச்சேரிக்கு டிக்கெட் விற்றது 2024 நவம்பரில். எனக்குக் கட்டைவிரல் காட்டிய அன்றே இந்தத் தேதிகள் அவருக்குத் தெரியும்.

ஒன்று கவனியுங்கள். நாள் வாடகை 7,500-ஐத் தாண்டினால் ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆக 9,000 என்பது 10,620. மூன்று நாளும் ப்ராசஸ் ஹவுஸில் சூப்பர்வைசர்கள் தங்கும் அறையில் பாய் போட்டுப் படுத்தோம். கொசுவைத் தவிர ஒரு குறையும் இல்லை. அங்கேதான் இன்னொன்றும் தெரியவந்தது. அந்த மில்லின் பர்ச்சேஸ் ஆட்கள் பக்கத்துத் தெரு லாட்ஜ் ஒன்றில் வருஷம் முழுக்க 1,400-க்கு அறை பேசி வைத்திருக்கிறார்கள், வரியோடு சேர்த்து. "எங்களைக் கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்போமே" என்றார்கள். வேலை கொடுக்கிற கம்பெனியிடம் அறையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கலாம் என்று எங்கள் ஆபீசில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்தது. பிப்ரவரி 15 அன்று இரவு நவஜீவன் எக்ஸ்பிரஸில் டிக்கெட். மாலையில் பெட்டியோடு கீழே வந்து பில் கேட்டேன். படுத்து எழுந்த இரவுகள் 36. நாளுக்கு 1,600 வைத்தால் 57,600. அட்வான்ஸ் போக 9,600 கொடுத்துவிட்டு வரலாம் என்று வந்தவன் கையில் 62,208 என்று ஒரு தாளை நீட்டினார்கள்.

எப்படி? 60 நாள் தங்கவில்லை, அதனால் 1,600 செல்லாதாம், நாளுக்கு 2,400. பொங்கலுக்குப் போன 5 இரவும் சேர்த்து 41 நாள். ஆக 98,400. அதன்மேல் 12 சதவீதம் வரி. அதில் அட்வான்ஸ் கழித்தால் இந்தத் தொகை. அதுவரை அண்ணே அண்ணே என்ற மனுஷன் தாளை நீட்டும்போது இந்திக்கு மாறிவிட்டார். என் வாட்ஸ்அப்பை என்னிடமே காட்டி, "60 நாள் என்று எழுதியது நீங்கள்தானே?" என்றார். வரி உள்ளே என்று எங்கே எழுதியிருக்கிறது? எங்கும் இல்லை. பொங்கல் நாளுக்குக் காசு இல்லை என்று? ஊருக்குப் போய் வருவோம் என்றுதான் இருக்கிறது. பட்டம் விட்ட பார்ட்டியைப் பற்றிக் கேட்டேன். "உங்கள் பெட்டி அறையில் இருந்தது, அறை உங்களுடையது" என்றார். ஒரே அறைக்கு இரண்டு பேரிடம் காசு.

ஒன்றரை மணி நேரம் மல்லுக்கட்டினோம். தம்பி கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், பைகள் ரிசப்ஷனுக்கு உட்புறம் போய்விட்டன. கடைசியில் 1,600-க்கே ஒத்துக்கொண்டார், ஆனால் 41 நாள், வரி தனி. 73,472. அட்வான்ஸ் போக 25,472 யுபிஐயில் அனுப்பிவிட்டு ரயிலுக்கு ஓடினோம்.

கிளம்பும்போது, "ஜிஎஸ்டி பில் தந்திருக்கேன், கம்பெனியில கிரெடிட் எடுத்துக்கலாம், உங்களுக்கு நஷ்டமே இல்லை" என்று தமிழில் ஆறுதல் வேறு. ஊருக்கு வந்து அக்கவுண்ட்ஸ் அக்காவிடம் பில்லைக் கொடுத்தேன். பார்த்துவிட்டுச் சிரித்தார். ஓட்டல் அறைக்கான வரி, கட்டடம் எந்த மாநிலத்தில் நிற்கிறதோ அந்த மாநிலக் கணக்கில் போடுவது. குஜராத் வரியைத் தமிழ்நாட்டில் மட்டும் பதிவு வைத்திருக்கிற கம்பெனி கிரெடிட்டாக, அதாவது தான் கட்ட வேண்டிய வரியில் கழித்து, எடுத்துக்கொள்ள முடியாது. 7,872 போனது போனதுதான். அதை முதலாளி ஏற்றுக்கொண்டார். பொங்கல் நாள் 8,000, பேசியவன் நான் என்பதால் என் தலையில்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்தேன். அறையில் பெட்டி இருந்தது என்று ஓட்டல் பதில் போட்டது, அதோடு முடிந்தது. நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2019 சட்டப்படி நாம் இருக்கிற ஊரிலேயே வழக்குப் போடலாம், 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. ஆனால் பில் கம்பெனி பெயரில். வணிக நோக்கத்துக்காக எடுத்த அறை என்று எதிர்த்தரப்பு முதல் நாளே கிளப்பும் என்றார் தெரிந்த வக்கீல். முதலாளிக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.

அப்புறம் சூரத்தில் ஒரு வேலை வந்தபோது இப்படிச் செய்தேன். முதல் இரண்டு நாள் சாதா வாடகையில் தங்கி, அறை எப்படி, ஆள் எப்படி என்று பார்த்துக்கொண்டு பிறகுதான் மாத விலை பேசினேன். பேசியதைக் கம்பெனி மெயிலிலிருந்து அனுப்பி, ஓட்டல் லெட்டர்ஹெட்டில் முத்திரையோடு பதில் வாங்கினேன். வரியோடு இவ்வளவு ரூபாய், ஊருக்குப் போனால் பெட்டியைக் கிளாக் ரூமில் கொடுத்து அறையை ஒப்படைத்துவிடுவோம், அந்த நாளுக்கு வாடகை இல்லை, கல்யாணமோ கச்சேரியோ நடுவில் விலை ஏறாது. 15 நாளுக்குள் கிளம்பினால் ஒரு விலை, 30 நாளுக்குள் கிளம்பினால் ஒரு விலை, அதையும் முன்கூட்டியே எழுதிக்கொண்டோம். அட்வான்ஸ் வாரத்துக்கு வாரம்தான். "1,500 ரூபாய் ரூமுக்கு இவ்வளவு எழுத்தா சார்?" என்று அந்த மேனேஜர் சலித்துக்கொண்டார், ஆனாலும் கையெழுத்துப் போட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய நினைப்பில் 12 போட்டுக் கொடுத்தால் விட்டுவிடாதீர்கள்.

மணிநகர்க்காரரிடமிருந்து அடுத்த பொங்கலுக்கு ஒரு செய்தி வந்தது, சுத்தத் தமிழில். "இனிய பொங்கல் வாழ்த்துகள் அண்ணே. ரூம் வேணும்னா சொல்லுங்க, நம்ம ரேட்டுக்கே தர்றேன்."

நானும் ஒரு கட்டைவிரலை அனுப்பி வைத்தேன்.