முதல் பெல்ட் கிரைண்டர்: எதில் காசைப் போடுவது?

மணல் ஒட்டிய பெல்ட் வீல்களில் சுற்றி ஓடி இரும்பைத் தேய்க்கும் மெஷின்தான் பெல்ட் கிரைண்டர். புதிதாக இரும்பு வேலைக்குப் பட்டறை போடுபவர்கள் அதைப் பற்றிப் பேசினால் முதலில் கேட்பது மெஷின் விலையைத்தான். மெஷின் ஒருமுறைச் செலவு. பெல்ட் மாதாமாதம் வரும் செலவு. பெல்ட் கிடைக்காத அளவில் ஒரு மெஷினை மலிவாக வாங்கிப் போட்டால் சீக்கிரமே அது மூலைக்குப் போய்விடும். அதனால் பெல்ட் சுலபமாகக் கிடைக்குமா, அது என்ன வேகத்தில் ஓடும், அழுத்தினால் மோட்டார் திணறுமா என்பதை வைத்துத்தான் இங்கே ஒவ்வொன்றையும் பார்க்கிறேன். எல்லாவற்றுக்கும் ஒரே வேலையைக் கொடுப்போம்: ஸ்பிரிங் பட்டையில் வெட்டியெடுத்த, 6 மி.மீ. கனமுள்ள கத்தித் துண்டு. அதற்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சரிவு எடுக்க வேண்டும்.

ஆங்கிள் கிரைண்டர் பலரிடம் ஏற்கெனவே இருக்கும். இல்லாவிட்டாலும் 2,000 முதல் 3,000 ரூபாய்க்குள் நல்ல 4 இன்ச் மெஷின் வாங்கிவிடலாம். ஃப்ளாப் டிஸ்க் போட்டால் கேட், கிரில் வெல்டிங்கைச் சமன் செய்ய இதை அடிக்க வேறு மெஷின் கிடையாது. நம் கத்தித் துண்டில் மட்டும் இது தடுமாறும். வேலையை வைஸில் கட்டிவிட்டு மெஷினைக் கையில் பிடிக்கிறோம். கை கொஞ்சம் சாய்ந்தாலும் சரிவில் பள்ளம் விழும். பெல்ட் கிரைண்டரில் இது தலைகீழ். மெஷின் அசையாமல் நிற்கும், வேலை இரண்டு கைக்குள்ளும் இருக்கும், எவ்வளவு அழுத்துகிறோம் என்பது விரலுக்கே தெரியும். ஆங்கிள் கிரைண்டரில் மாட்டுகிற சின்ன பெல்ட் இணைப்புகளும் விற்கின்றன. குழாய் மூட்டு, உள்மூலை போன்ற இடங்களுக்கு அவை சரி. விரல் அகலம்கூட இல்லாத அந்தப் பெல்ட்டில் நீளமான சமதளம் எடுக்க முடியாது.

அடுத்தது 1×30 மெஷின். அதாவது ஒரு அங்குல அகலம், 30 அங்குல நீளம் கொண்ட பெல்ட். மேஜை ஓரத்தில் உட்கார்ந்துவிடும், சத்தம் குறைவு, விலையும் கைக்கு அடக்கம். வீட்டுக் கத்தி, அரிவாள், உளி சாணை பிடிப்பதுதான் உங்கள் தொழில் என்றால் இதையே வாங்குங்கள், மேலே படிக்க வேண்டியதில்லை. ஆனால் பெரும்பாலும் இதில் மூன்றில் ஒரு ஹெச்.பி. அளவு மோட்டார்தான் இருக்கும். 40 கிரிட் (மணலின் அளவு; எண் குறைந்தால் முரடு) பெல்ட் போட்டு நம் துண்டை அழுத்தினால் மூச்சுத் திணறும். பெல்ட்டின் பரப்பையும் பாருங்கள்: 1×30 என்றால் 30 சதுர அங்குலம், 2×72 என்றால் 144. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. நீளப் பெல்ட்டில் ஒவ்வொரு மணலும் இரும்பைத் தொட்டுவிட்டு ஒரு சுற்று ஆறிக்கொண்டு வரும். குட்டிப் பெல்ட்டில் அந்த இடைவெளி கிடையாது; பெல்ட்டும் சூடாகும், கத்தியும் சூடாகும்.

மர வேலைக்காக வரும் 4×36 பெல்ட்டும் டிஸ்க்கும் சேர்ந்த மெஷினை இரும்புக்கு வாங்க வேண்டாம். அதன் தூசி போகும் வழி பிளாஸ்டிக், உள்ளே மரத்தூள் தங்கியிருக்கும். இரும்புப் பொறி அதில் விழுந்தால் புகைய ஆரம்பித்துவிடும்.

2×48 பற்றிக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இடம் குறைவான ஷெட்டுக்கு நல்ல அளவு. பெல்ட் அகலமும் இரண்டு அங்குலம். யாராவது பழையதை நியாயமான விலைக்குக் கொடுத்தால் தயங்காமல் வாங்கலாம். புதிதாகச் செய்யச் சொல்வதென்றால்தான் கணக்கு உதைக்கிறது. 2×72-ஐ விட இதில் மிச்சமாவது சட்டத்துக்கான கொஞ்சம் சதுரக் குழாய் மட்டுமே. மோட்டார், வீல், பேரிங், லேத் கூலி எல்லாம் ஏறக்குறைய அதேதான்.

ஆகவே என் ஓட்டு உள்ளூரில் செய்யும் 2×72-க்கு. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் மெஷின் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கோவை கணபதி, சென்னை அம்பத்தூர் போல லேத் பட்டறைகள் வரிசையாக இருக்கும் ஊர்ப் பக்கம் இருந்துகொண்டு இவ்வளவு எளிய ஒரு மெஷினுக்குக் கப்பல் வாடகை கொடுப்பது வீண். ஒரு சட்டம், மோட்டாரில் ஒரு டிரைவ் வீல், மேலே ஒரு டிராக்கிங் வீல், முன்னால் பிளேட்டனும் (பெல்ட்டுக்குப் பின்னால் நிற்கும் தட்டைத் தகடு) அதன் இரண்டு சின்ன வீல்களும், ஒரு ஸ்பிரிங். மெஷின் அவ்வளவுதான்.

லேத்காரரிடம் கறாராகச் சொல்ல வேண்டிய சில விஷயங்கள் உண்டு. டிரைவ் வீலின் துளையையும் வெளிவட்டத்தையும் ஒரே பிடியில், சக்கிலிருந்து கழற்றாமல் கடையச் சொல்லுங்கள். கழற்றி மாட்டிக் கடைந்தால் வீல் ஆடும். அந்த ஆட்டம் கத்தியில் அலை அலையாகத் தெரியும். டிராக்கிங் வீலுக்கு நடுவில் லேசான மேடு வேண்டும், அதுதான் பெல்ட்டை நடுவிலேயே நிறுத்தும். சின்ன வீல்களுக்கு 6202 பேரிங், இரண்டு பக்கமும் ரப்பர் சீல் வைத்ததாகப் போடச் சொல்லுங்கள். இரும்புத்தூள் திறந்த பேரிங்கைத் தின்றுவிடும்.

மோட்டார்தான் பெரிய செலவு, குழப்பமும் அங்கேதான். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 4 போல் மோட்டார் சுமார் 1,440 ஆர்.பி.எம்., 2 போல் சுமார் 2,850. 1,440-இல் 150 மி.மீ. டிரைவ் வீல் போட்டால் பெல்ட் நொடிக்கு 11 மீட்டர் ஓடும். 2,850-இல் 100 மி.மீ. போட்டால் 15 மீட்டர். இரண்டாவது இரும்பை வேகமாகத் தின்னும். செராமிக் பெல்ட்டுக்கு அந்த வேகம் பிடிக்கும். ஆனால் கை பழகாதவருக்கு, ஒரு நொடி தவறினால் சரிவு கெடும். அதோடு பதம் வைத்த கத்தியின் மெல்லிய விளிம்பில் நீலம் பாய்ந்தால் சூடு 300 டிகிரியைத் தொட்டுவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் பதம் இறங்கியிருக்கும்.

வேகத்தைக் கூட்டிக் குறைக்க வி.எஃப்.டி. (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) சிறந்த வழி. வீட்டு சிங்கிள் ஃபேஸை வாங்கி த்ரீ ஃபேஸாகக் கொடுக்கும் வி.எஃப்.டி. 230 வோல்ட்தான் தரும். இங்கே கிடைக்கும் சின்ன த்ரீ ஃபேஸ் மோட்டார்கள் பெரும்பாலும் 415 வோல்ட்டுக்கு ஸ்டாரில் கட்டியவை (ஸ்டார், டெல்டா என்பவை மோட்டாரின் சுருள்களை இணைக்கும் இரண்டு முறைகள்; டெல்டாவில் அதே மோட்டார் 230 வோல்ட்டில் ஓடும்). பெட்டிக்குள் ஆறு முனையும் வெளியே வந்திருந்தால் டெல்டாவாக மாற்றிக்கொள்ளலாம். மூன்று முனைதான் என்றால் வேறு மோட்டார் பாருங்கள். காசு கொடுக்கும் முன் மூடியைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது. வி.எஃப்.டி.யை மூடிய பெட்டியில், கிரைண்டரிலிருந்து தள்ளி வையுங்கள். இரும்புத்தூள் மின்சாரம் கடத்தும்.

வி.எஃப்.டி.க்கு இப்போது பணம் இல்லையா? 1.5 ஹெச்.பி. சிங்கிள் ஃபேஸ், 1,440 ஆர்.பி.எம்., முழுக்க மூடிய மோட்டார் போதும். அதன் தண்டுக்கே பொருந்துகிற மாதிரி 150 மி.மீ.யில் ஒன்று, 75 மி.மீ.யில் ஒன்று என்று இரண்டு டிரைவ் வீல் கடைந்து வாங்குங்கள். முரட்டு வேலைக்குப் பெரியது, பதம் வைத்த பிறகு சின்னது. வேகம் பாதியாகிவிடும். வீல் மாற்றும்போது பெல்ட் தொய்வதை ஏற்றுக்கொள்ள, ஸ்பிரிங் தள்ளி பெல்ட்டை இறுக்கும் டென்ஷன் கை போதுமான தூரம் நகர வேண்டும்; இதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆரம்பிக்கிற ஒருவருக்கு நான் சொல்லும் தேர்வு இதுதான். ரப்பர் கான்டாக்ட் வீல், சின்ன வீல் செட் எல்லாம் அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம்.

பெல்ட் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. சென்னையின் கார்போரண்டம் யுனிவர்சல் 1954-இலிருந்து எமரிப் பொருட்கள் துறையில் இருக்கிறது. ரோலில் வாங்கி, கேட்ட நீளத்துக்கு வெட்டி ஒட்டித் தரும் பெல்ட் கடைகளும் உண்டு. 50 மி.மீ. அகலம், 1,830 மி.மீ. நீளம் என்று சொன்னால் போதும். முதல் ஆர்டரில் 40 கிரிட் செராமிக் அதிகமாகவும் 120, 220 அலுமினியம் ஆக்சைடு கொஞ்சமாகவும் வாங்குங்கள். தேய்ந்த பெல்ட்டை விடாப்பிடியாக ஓட்டாதீர்கள். அது வெட்டுவதைவிடச் சூடுதான் அதிகம் கிளப்பும்.

மாஸ்க்குக்கு, கண்ணாடிக்கு ஒதுக்கும் பணத்தில் கை வைக்க வேண்டாம். துணி கிளவுஸ் போட்டுக்கொண்டு பெல்ட் பக்கம் போகவே கூடாது, சிக்கினால் விரலையும் இழுத்துக்கொண்டு போகும். அலுமினியம் தேய்த்த தூளைத் துடைக்காமல் அதே மெஷினில் இரும்பு தேய்ப்பதும் ஆபத்து, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

மெஷின் தயாரானதும் பட்டறைக்கே போய் ஓட்டிப் பாருங்கள். புது 40 கிரிட் பெல்ட்டைப் போட்டு, ஒரு தடித்த பட்டையை உடம்பு பலத்தோடு பிளேட்டனில் அழுத்துங்கள். மோட்டார் சத்தம் இறங்குகிறதா, பெல்ட் வீலில் வழுக்குகிறதா, டிராக்கிங் குமிழைத் தொடாமலே பெல்ட் ஓரத்துக்கு நகர்கிறதா என்று கவனியுங்கள். ஏதாவது ஒன்று இருந்தால் அங்கேயே சரிசெய்யச் சொல்லிவிட்டு, அதற்கப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.