14 மாத நாய் என்று அனுப்பிய எக்ஸ்ரேயில் இருந்தது குட்டியின் எலும்பு

வேலைக்குப் பழக்குவதற்காக நாய் வாங்கப் போகிறவர்கள், முக்கியமாக ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், லாப்ரடார் போன்ற பெரிய இனங்களைத் தேடுகிறவர்கள், இதைப் பொறுமையாகப் படியுங்கள். நான் ஏமாந்தது பணத்தோடு போயிருந்தால் இவ்வளவு எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். வலியை அனுபவிப்பது என் நாய்.

மோப்பப் பயிற்சிக்காக ஒரு பெண் ஜெர்மன் ஷெப்பர்டு தேடிக்கொண்டிருந்தேன். இந்த இனத்தில் இடுப்பு மூட்டும் முன்னங்கால் முழங்கை மூட்டும் சரியாக அமையாமல் போவது அதிகம் என்பது தெரியும். அதனால் குட்டியாக வாங்காமல், எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த வளர்ந்த நாயாக வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். நாய் வளர்த்து விற்கும் ஒரு பிரீடர் 14 மாத நாய் இருக்கிறது என்றார். பெயர் செம்பா. கண் பார்த்தாலே ஆள் சொல்வதைக் கேட்கத் தயாராக நிற்பாள். எக்ஸ்ரே படங்களை கைபேசியில் அனுப்பினார், கூடவே அவருடைய லெட்டர்பேடில் ஒரு தாள்: "ஹிப் ஏ, எக்ஸலன்ட். எல்போ நார்மல்."

அந்த ஒரு வரியிலேயே பொய் இருந்தது. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

'ஏ' என்பது நாய்ச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பான எஃப்.சி.ஐ.யின் முறையில் வரும் கிரேடு. அதில் ஏ முதல் ஈ வரை ஐந்து படி. ஏ என்றால் நல்ல மூட்டு, ஈ என்றால் மிக மோசம். 'எக்ஸலன்ட்' என்பது நாய்களின் மூட்டு எக்ஸ்ரேயைப் பார்த்துச் சான்று தரும் அமெரிக்காவின் ஓ.எஃப்.ஏ. அமைப்பின் சொல். அங்கே எக்ஸலன்ட் முதல் சிவியர் வரை ஏழு படி. பிரிட்டனில் இரண்டும் கிடையாது. ஒவ்வொரு இடுப்புக்கும் 0 முதல் 53 வரை மதிப்பெண், எண் ஏற ஏற மூட்டு மோசம். ஆக ஒரே தாளில் 'ஏ'யும் 'எக்ஸலன்ட்'டும் கலந்து வந்தபோதே, எந்த அமைப்பின் சான்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். அதோடு ஓ.எஃப்.ஏ. தன் இறுதிச் சான்றை 24 மாதம் முடிந்த நாய்க்குத்தான் கொடுக்கும். அதற்கு முன்னால் எடுப்பதெல்லாம் முன்னோட்ட மதிப்பீடு. செம்பாவுக்கு அப்போது 14 மாதம்.

வாங்கிய வாரமே ஒரு மருத்துவமனையில் இன்னொரு படம் எடுக்கச் சொன்னேன். இங்கே இரண்டாவது முறை கோட்டை விட்டேன். மயக்க ஊசி போடவில்லை. இரண்டு உதவியாளர்கள் காலைப் பிடித்து இழுத்தார்கள், அவள் திமிறினாள், ஒரே படம். மருத்துவர் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கு" என்றார். நிம்மதியோடு வீட்டுக்கு வந்தேன்.

நான்கு மாதம் கழித்து, தூங்கி எழுந்ததும் முன்னங்காலை எடுத்து வைக்கும் அடி குறுகியது. நாலடி நடந்தால் சரியாகிவிடும். தோள் தசைப் பிடிப்பு என்று அதே மருத்துவமனையில் ஐந்து நாள் வலி மாத்திரை கொடுத்தார்கள். அப்புறம் பின்னங்கால். ஓடும்போது இரண்டு காலையும் சேர்த்து முயல் போலத் தாவ ஆரம்பித்தாள். தடை தாண்டச் சொன்னால் தடைக்கு முன்னால் போய் நின்று என்னைப் பார்ப்பாள். சோம்பல் என்று நினைத்து ஒருநாள் அதட்டியும் விட்டேன். அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

எலும்பு மூட்டுக்கென்றே இருக்கும் ஒரு நிபுணரிடம் கடைசியில் போனோம். அவர் ஆழ்ந்த மயக்கம் கொடுத்துத்தான் படம் எடுத்தார். விழித்திருக்கும் நாய் பயத்தில் தசையை இறுக்கிக்கொள்ளும். அந்த இறுக்கம் தொடையெலும்பின் தலையான பந்தை இடுப்பெலும்பின் கிண்ணத்துக்குள் இழுத்துப் பிடிக்கும். தளர்ந்த மூட்டும் படத்தில் நல்ல மூட்டு போலத் தெரியும். மல்லாக்கப் படுக்க வைத்து, பின்னங்கால் இரண்டையும் நேராக நீட்டி, தொடையெலும்புகள் ஒன்றுக்கொன்று இணையாக, முழங்கால் சில்லு சரியாக நடுவில் வரும்படி வைத்தார். முதல் மருத்துவமனைப் படத்தைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். அதில் இடுப்பெலும்பின் ஒரு பக்கச் சிறகு அகலமாகவும் மறுபக்கம் ஒடுங்கியும் இருந்தது. உடம்பு திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். அப்படித் திரும்பினால் ஒரு கிண்ணம் உள்ளதைவிட ஆழமாகவும் மற்றது மேலோட்டமாகவும் தெரியும். "இந்தப் படத்த வச்சு நல்லதுன்னும் சொல்லக்கூடாது, கெட்டதுன்னும் சொல்லக்கூடாது. திருப்பி எடுத்திருக்கணும்" என்றார்.

புதிய படத்தில் இரண்டு பந்துகளின் மையத்தையும் ஒரு கோட்டால் சேர்த்து, அங்கிருந்து கிண்ணத்தின் முன்விளிம்புக்கு இன்னொரு கோடு போட்டு கோணம் அளந்தார். நார்பெர்க் கோணம் என்று பெயர். 105 டிகிரியும் அதற்கு மேலும் நல்லது. செம்பாவுக்கு வலது 101, இடது 94. இடது பந்தில் பாதிக்கும் குறைவாகத்தான் கிண்ணம் மூடியிருந்தது. எஃப்.சி.ஐ. கணக்கில் டி.

முழங்கை அதைவிட வேதனை. பிரீடர் அனுப்பியது ஒரே ஒரு முழங்கைப் படம், அதுவும் கால் நீட்டிய நிலையில். முழங்கையை நன்றாக மடக்கிப் பக்கவாட்டில் எடுத்தால்தான் முழங்கைக்குக் கீழே இருக்கும் அல்னா எலும்பின் மேல்நுனி மறைவில்லாமல் தெரியும். தேய்மானத்தின் முதல் அடையாளமான புது எலும்புத் துருத்தல் அங்கேதான் வரும். அது 2 மில்லிமீட்டருக்குள் இருந்தால் கிரேடு 1, 2 முதல் 5 வரை கிரேடு 2, அதற்கு மேல் 3. செம்பாவுக்கு வலது 2, இடது 1. இரண்டு பக்கமும் வலித்ததால்தான் அவள் ஒரு காலை மட்டும் தூக்கி நொண்டவில்லை. சி.டி. ஸ்கேனில் வலது முழங்கைக்குள் சின்ன எலும்புத் துண்டு ஒன்று உடைந்து கிடந்தது. சாதாரண எக்ஸ்ரேயில் அந்தத் துண்டு பல நேரம் தெரியவே தெரியாதாம்.

கடைசியாக பிரீடர் அனுப்பிய இடுப்புப் படத்தைக் காட்டினேன். பார்த்த உடனே அவர் கேட்டது: "இந்த நாய்க்கு எத்தனை மாசம்னு சொன்னாங்க?" 14 என்றேன். தொடையெலும்பின் தலைக்குக் கீழே ஓடும் ஒரு கருப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். எலும்பு வளரும் தகடு. 14 மாத நாய்க்கு அது மூடியிருக்க வேண்டும். படத்தில் பளிச்சென்று திறந்திருந்தது. ஐந்து ஆறு மாதக் குட்டியின் இடுப்பு அது. செம்பாவின் படமே இல்லை, அல்லது அவளுடையதாக இருந்தாலும் எதையும் உறுதி சொல்ல முடியாத வயதில் எடுத்தது. மூலையில் எண்ணும் தேதியும் இருக்க வேண்டிய இடம் அளவாக வெட்டப்பட்டிருந்தது.

இதுதான் நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம். நாயின் பதிவு எண் அல்லது மைக்ரோசிப் எண், எடுத்த தேதி, மருத்துவமனைப் பெயர், இடது வலது குறி, இவை படத்துக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும். பின்னால் பேனாவால் எழுதியதோ ஒட்டியதோ செல்லாது. மைக்ரோசிப்பின் 15 இலக்க எண்ணை ரீடர் வைத்து உங்கள் கண் முன்னால் படிக்கச் சொல்லி, படத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். கைபேசிப் படத்தை ஏற்காதீர்கள், மருத்துவமனை தரும் டைக்காம் கோப்பை, அதாவது எக்ஸ்ரேயின் மூல டிஜிட்டல் கோப்பைக் கேளுங்கள். ஓ.எஃப்.ஏ. சான்று என்றால் நாயின் பதிவுப் பெயரைப் போட்டு அவர்கள் இணையதளத்திலேயே தேடலாம். அங்கே இல்லாத சான்றை உங்களுக்குக் காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். தாய் தகப்பன் முடிவுகளையும் விடாமல் கேளுங்கள். நல்ல மூட்டுள்ள பெற்றோருக்கும் கோளாறோடு குட்டி பிறப்பது உண்டு, பல மரபணுக்கள் சேர்ந்து செய்யும் வேலை இது. ஆனாலும் பெற்றோர், கூடப் பிறந்தவை எல்லாம் நன்றாக இருந்தால் ஆபத்து நிச்சயம் குறையும்.

பிரீடரைக் கூப்பிட்டேன். "நீங்க ஓட்டின ஓட்டம் அப்படி, சார்" என்று என் தலையில் போட்டார். அதிக ஓட்டமும் அதிக எடையும் இந்தக் கோளாறை மோசமாக்கும், உண்மைதான். ஆனால் அது அவர் அனுப்பிய படத்தில் திறந்திருந்த தகட்டுக்குப் பதில் ஆகாது. தகட்டைப் பற்றிக் கேட்டதும் இணைப்பைத் துண்டித்தார், அப்புறம் எடுக்கவே இல்லை.

செம்பாவுக்கு முழங்கைத் துண்டை எடுத்தாகிவிட்டது. எடை கண்டிப்பாக வைத்திருக்கிறோம், நீச்சல் உண்டு, தாண்டல் கிடையாது. கருத்தடையும் செய்துவிட்டேன், இந்த மூட்டு அடுத்த தலைமுறைக்குப் போகக்கூடாது. தரையில் மணம் பிடித்துத் தேடும் வேலையை மட்டும் மெதுவாகத் தொடர்கிறாள். அதில் அவளுக்கு இருக்கும் சந்தோஷத்தை நான் பிடுங்கவில்லை.

போன வாரம் இன்னொருவர் தனக்கு வந்த எக்ஸ்ரேயை என்னிடம் காட்டினார். வேறு பெயர், ஆண் நாய், 16 மாதம் என்று சொல்லியிருக்கிறார்கள். அதே படம். இடது முழங்காலுக்குப் பக்கத்தில் 'எல்' குறி தலைகீழாக விழுந்திருக்கும், மேல் வலது மூலை வெட்டுப்பட்டிருக்கும். உங்களுக்கும் அது வந்திருந்தால் முன்பணம் கொடுக்கும் முன் எனக்கு ஒரு செய்தி அனுப்புங்கள், என்னிடம் உள்ளதை அனுப்புகிறேன், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.