ஆம்ரான் 7120 பி.பி. மிஷின்: காசு கொடுக்கும் முன் கையை அளந்துவிடுங்கள்

மும்பையில் மாட்டுங்காவிலோ செம்பூரிலோ ஒரு மெடிக்கல் கடையில் போய் பி.பி. மிஷின் கேட்டால் மேசைமேல் வரக்கூடிய பெட்டிகளில் ஆம்ரான் 7120-ம் ஒன்று. மேற்கையில் பட்டை சுற்றும் வகை, ஒரே பொத்தான், நாலு பென்சில் பேட்டரி. எண்கள் பெரிதாக இருப்பதால் கண்ணாடி தேடாமல் படிக்கலாம். வீட்டில் வயதானவர்கள் தாங்களே அழுத்திப் பார்த்துக்கொள்ள இந்த எளிமை போதும். ஆனால் கடைக்காரர் சொல்ல மறக்கிற ஒரு விஷயம் உண்டு: கூட வரும் பட்டை 22 முதல் 32 செ.மீ. சுற்றளவுள்ள கைக்குத்தான்.

தோள் எலும்பு முனைக்கும் முழங்கைக்கும் நடுவில் தையல்காரர் டேப்பைச் சுற்றிப் பாருங்கள். 34, 35 வந்தால் இந்தப் பெட்டி உங்களுக்கில்லை. பட்டைக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் சுமார் 80 சதவீதத்தைத் தழுவ வேண்டும். சின்னப் பட்டையைப் பெரிய கையில் இழுத்து ஒட்டினால், தமனியை அமுக்க மிஷின் கூடுதல் அழுத்தம் கொடுக்க வேண்டிவரும், எண்ணும் கூடுதலாகவே வரும். இல்லாத பி.பி.க்கு மாத்திரை தொடங்குகிற அபத்தம் இப்படித்தான் நடக்கிறது. பருமனான கைக்காரர்கள் பெரிய பட்டையோடு வரும் மாடலைக் கேட்டு வாங்குங்கள். மணிக்கட்டில் கட்டும் வகை கைக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் மணிக்கட்டு நெஞ்சு உயரத்திலிருந்து கொஞ்சம் இறங்கினாலே எண் மாறிவிடுவதால், மேற்கைக்கு எந்தப் பட்டையும் பொருந்தாதவர்களைத் தவிர மற்றவர்களுக்கு அது வேண்டாம்.

மிஷின் வேலை செய்கிற விதம் தெரிந்தால் பாதி தவறுகள் நின்றுவிடும். டாக்டர் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்கிறார், இது சத்தமே கேட்பதில்லை. இறுகிய பட்டைக்குள் ஒவ்வொரு நாடித் துடிப்பும் எழுப்பும் நுண்ணிய அதிர்வை உணர்ந்து, அதிலிருந்து மேல் அளவையும் கீழ் அளவையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்த நேரத்தில் பேசினாலும் விரலை மடக்கினாலும் அதுவும் அதிர்வாகக் கணக்கில் சேர்ந்துவிடும். ‘குக்கர் எத்தனை விசில்?’ என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே எடுத்த அளவை எழுதவே வேண்டாம், மறுபடி எடுங்கள். நாடி ஒழுங்கில்லாமல் அடிப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தடுமாறும். திரையில் ஒழுங்கற்ற துடிப்புக் குறி அடிக்கடி வந்தால் மிஷினைத் திட்டாமல் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள்.

அளக்கும் முறை: கட்டிங் சாயோ காபியோ சிகரெட்டோ ஆகி அரை மணி கழிந்திருக்க வேண்டும். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலு மாடி ஏறிவந்த கையோடு பட்டையைச் சுற்றாதீர்கள். சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில் பட, 5 நிமிடம் சும்மா உட்காருங்கள். கால்மேல் கால் கூடாது, தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தும் எடுக்காதீர்கள். பட்டையின் கீழ் விளிம்பு முழங்கை மடிப்புக்கு 2 செ.மீ. மேலே இருக்கட்டும், குழாய் உள்ளங்கைப் பக்கமாக இறங்கட்டும். சட்டைக் கையைச் சுருட்டி மேலே தள்ளினால் அதுவே கயிறு கட்டினாற்போல் ஆகும், கழற்றிவிடுவதே மேல்.

கை உயரம்தான் பலரும் கோட்டை விடுகிற இடம். மும்பை வீடுகளில் உட்கார இருப்பது பெரும்பாலும் திவான். அதில் உட்கார்ந்து கையை மடியில் போட்டால் பட்டை நெஞ்சுக்குக் கீழே இறங்கிவிடும். 10 செ.மீ. இறங்கினால் எண் 7, 8 ஏறும். பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் அரிசி டப்பாவோ மடித்த போர்வையோ வைத்து, பட்டை மார்பின் நடு உயரத்துக்கு வரும்படி கையைத் தளரவிடுங்கள்.

காலையில் மாத்திரைக்கும் டிபனுக்கும் முன் இரண்டு தடவை, இரவில் இரண்டு தடவை, நடுவில் ஒரு நிமிட இடைவெளி. இப்படி 7 நாள் எடுத்து, முதல் நாளை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போடுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் டாக்டரிடம் போக வேண்டியதுதான். கிளினிக்கில் இதே கோடு 140/90. டாக்டரைப் பார்த்தாலே ஏறி, வீட்டில் சரியாக இருப்பவர்கள் உண்டு. கிளினிக்கில் நல்லபடி காட்டி வீட்டில் ஏறுபவர்களும் உண்டு, இவர்களைக் கிளினிக் அளவை மட்டும் வைத்துப் பிடிக்க முடியாது. முதல் தடவை இரண்டு கையிலும் பாருங்கள், அதிகம் காட்டும் கையையே பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

7120-ன் பெரிய குறை இந்த இடத்தில்தான். கடைசி அளவை மட்டுமே நினைவில் வைக்கும். நோட்டு இல்லாமல் இந்த மிஷினால் பாதிப் பயன்தான்.

இவ்வளவு மெனக்கெடல் எதற்கு என்றால், ஏறிய பி.பி. பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. இதயத்தின் இடது கீழறை கூடுதல் அழுத்தத்தை எதிர்த்து வருஷக்கணக்கில் தள்ளித் தள்ளிச் சுவர் தடிக்கும். தடித்த சுவர் விறைக்கும், விறைத்த அறை சரியாக நிரம்பாது. ரயில்வே பாலம் ஏறும்போது மூச்சு வாங்கினால் ‘வயசாயிடுச்சு’ என்று விட்டுவிடுகிறோம், அது இதுவாகவும் இருக்கலாம். மேலறை விரிந்து துடிப்பு ஒழுங்கு தப்பினால் அங்கே ரத்தம் உறைந்து மூளைக்குப் போய் ஸ்ட்ரோக் வரலாம். 40 முதல் 69 வயதுவரை, 115/75-க்கு மேல் ஒவ்வொரு 20/10 ஏற்றத்துக்கும் இதயநோய், ஸ்ட்ரோக்கால் சாகும் ஆபத்து இரட்டிக்கிறது. 140 என்பது ஒரு கோடுதான், அதற்குக் கீழே ஆபத்தே இல்லை என்றில்லை.

எண் திடீரென்று ஏறினால் முதலில் அடுக்களையைப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது நாளைக்கு 5 கிராமுக்குள் உப்பு, அதாவது சுமார் ஒரு டீஸ்பூன், சாம்பார் முதல் அப்பளம், ஊறுகாய், கருவாடு, வடாபாவ் வரை எல்லாம் சேர்த்து. அடுத்து மருந்துப் பெட்டி: டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும் சில மூக்கடைப்பு மாத்திரைகளும் பி.பி.யை ஏற்றும். ‘லோ சோடியம்’ உப்பில் பொட்டாசியம் இருக்கிறது. டெல்மிசார்டான் என்ற பி.பி. மாத்திரை சாப்பிடுபவர்களும் கிட்னிக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக் கூடாது.

180/120 காட்டினால் ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அதே அளவு என்றால் அன்றே டாக்டரைக் கூப்பிடுங்கள். கூடவே நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல் எதுவும் இருந்தால் இரண்டாவது அளவுக்குக் காத்திருக்காமல் 108. எண்ணைப் பார்த்து நீங்களாக மாத்திரையைக் கூட்டுவதோ நிறுத்துவதோ வேண்டாம்.

வருஷத்துக்கு ஒருமுறை மிஷினைப் பையில் போட்டு டாக்டரிடம் கொண்டுபோய், அவர் அளவோடு ஒப்பிடுங்கள். பட்டை விளிம்பு ஒட்டாமல் நழுவினாலோ குழாய் மடிப்பில் விரிசல் விட்டாலோ பட்டையை மட்டும் மாற்றினால் போதும். மும்பை மழைக்காலத்தில் பேட்டரி ஒழுகினால் முனைகள் பச்சை பிடிக்கும். மே மாசம் ஊருக்குக் கிளம்பும்போது மிஷினை விட்டுவிட்டுப் போவதானால் நாலு பேட்டரியையும் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.