குவாத்தமாலாவின் ‘சிசிக்’: ஐந்துக்கு மூன்றரை

கொலைக் கேஸ் கட்டு கைக்கு வந்தால், சாட்சிகளில் எத்தனை பேர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். கிரிமினல் வக்கீல் புத்தி. மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவில், அதிகாரத்துக்குள் ஒளிந்திருந்த குற்றக் கும்பல்களைப் பிடிக்க ஐ.நா. துணையோடு இயங்கிய ‘சிசிக்’ (CICIG) விசாரணை ஆணையத்தையும் அதே கண்ணோடுதான் எடைபோடுகிறேன்.

36 வருட உள்நாட்டுப் போர் 1996 டிசம்பரில் ஓய்ந்தது. கொலை ஓயவில்லை. 2007 பிப்ரவரியில் எல் சால்வடோரைச் சேர்ந்த மூன்று மக்கள் பிரதிநிதிகள் அங்கே கொல்லப்பட்டார்கள். பிடிபட்ட நால்வரும் போலீஸ்காரர்கள். சில நாளிலேயே அந்த நால்வரும் சிறைக்குள் தீர்த்துக்கட்டப்பட்டார்கள். அந்த வருடமே ஆணையம் வந்தது.

வேலைத்தரத்துக்கு ரோசன்பெர்க் கேஸ் ஒன்று போதும். 2009 மே மாதம் வக்கீல் ரோட்ரிகோ ரோசன்பெர்க் சுட்டுக் கொல்லப்பட்டார். ‘என்னைக் கொன்றது ஜனாதிபதி’ என்று அவரே முன்கூட்டிப் பேசிவைத்த வீடியோ வெளியாகி, ஆட்சியே ஆட்டம் கண்டது. ஆணையம் செல்போன் அழைப்புகளைக் கோத்துப் பார்த்தது. எந்த போனிலிருந்து ரோசன்பெர்க்குக்கு மிரட்டல் வந்ததோ, அதை வாங்கச் சொன்னவரே ரோசன்பெர்க்தான்; தன் கொலைக்கு ஆள் ஏற்பாடு செய்தவரும் அவரேதான். 2010 ஜனவரியில் உண்மை வெளிவந்தது. எந்தப் பக்கமும் சாயாத புலனாய்வு. நம் தொழிலில் அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்தது அதன் அமைப்பு. தனியாக வழக்குத் தொடுக்க அதற்கு அதிகாரம் கிடையாது. உள்ளூர் அரசு வழக்கறிஞரோடு சேர்ந்துதான் கோர்ட் ஏற வேண்டும். அதனால் அவர்களும் தொழில் கற்றுக்கொண்டார்கள். 2015-ல் சுங்க ஊழல் வழக்கில் ஜனாதிபதி ஓட்டோ பெரெஸ் மொலினாவே பதவி விலக நேர்ந்தது இந்தக் கூட்டு வேலையால்தான்.

குறையும் உண்டு. தெரு ரவுடிகளுக்கு மாமூல் தர மறுத்துச் செத்த பஸ் டிரைவரின் குடும்பத்துக்கு இதனால் நேரடியாகப் பெரிதாக ஒன்றும் கிடைக்கவில்லை. ஆணையம் குறிவைத்தது அதிகாரத்துக்குள் ஒளிந்திருந்த கும்பல்களை. பத்து வருடத்தில் கொலை விகிதம் ஏறக்குறைய பாதியானது நிஜம். அந்தப் பெருமை முழுவதையும் இதற்கே எழுதிவைக்க நான் தயாரில்லை.

ஒன்றரை மதிப்பெண்ணை வெட்டியது, ஆணையம் இயங்க ஐ.நா.வும் குவாத்தமாலா அரசும் போட்ட ஒப்பந்தத்துக்காக. அதைப் புதுப்பிப்பது அரசின் விருப்பம். ஜிம்மி மொராலெஸ் ஜனாதிபதியாக இருந்தபோது விசாரணை அவரையும் அவர் குடும்பத்தையும் தொட்டது. புதுப்பிக்க மறுத்தார், 2019 செப்டம்பரில் கடை மூடியாயிற்று. குற்றவாளிக் கூண்டில் ஏறக்கூடியவரிடமே சாவியைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? ஹோண்டுராஸும் இதே மாதிரி ஒன்றை 2016-ல் திறந்து, 2020 ஜனவரியில் புதுப்பிக்காமல் விட்டுவிட்டது.