பழைய ஸெனானின் முன்பக்க சஸ்பென்ஷன்: 48,700 ரூபாய்க்குக் கிடைத்தது என்ன?

போடிநாயக்கனூரில் வீடும் சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டமும் வைத்திருப்பவர்களின் வண்டிக்கு ஓய்வு என்று ஒன்று கிடையாது. முந்தலில் ஏறத் தொடங்கினால் போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அங்கிருந்து பூப்பாறை வரை தேசிய நெடுஞ்சாலை 85 நன்றாகவே இருந்தாலும், தார்ச்சாலையை விட்டுத் தோட்டத்துக்குள் திரும்பியபின் வழி என்று இருப்பது கற்களும் மழைநீர் அறுத்த பள்ளங்களும்தான். என்னிடம் உள்ளது 2011-இல் வாங்கிய டாடா ஸெனான்: இரட்டைக் கேபின், 2.2 லிட்டர் டீசல் என்ஜின், நான்கு சக்கர இயக்கம். 1,86,000 கிலோமீட்டர் ஓடியபின் அதன் முன்பக்க சஸ்பென்ஷனைப் போடியிலுள்ள ஒரு சிறிய பட்டறையில் முழுமையாகப் புதுப்பித்தேன். வேலை முடிந்து ஏழு மாதமும் ஒரு தென்மேற்குப் பருவமழையும் கடந்துவிட்டதால், அந்த வேலையைப் பற்றியும் பட்டறையைப் பற்றியும் இப்போது நிதானமாக எழுத முடிகிறது. ஏற்கெனவே வாசலில் நிற்கும் தோட்ட ஜீப்புகளுக்கே கை போதவில்லை, பெயரைப் போட வேண்டாம் என்று பட்டறைக்காரர் கேட்டுக்கொண்டதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிட வேண்டும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தோட்டத்து வழியில் வயிறு தட்டுகிறது என்ற காரணத்தைச் சொல்லிக்கொண்டு, உண்மையில் பார்வைக்குக் கம்பீரமாக இருக்கும் என்ற ஆசையினால், வேறோர் ஊரில் ஒரு கடையில் வண்டியின் முன்பக்கத்தை இரண்டு அங்குலம் உயர்த்தினேன். அரை நாளில் வேலை முடிந்தது, செலவும் சொற்பம். அதற்குப் பிறகுதான் தொல்லைகள் ஒவ்வொன்றாக வந்தன. வேகத்தடையைத் தாண்டி முன்சக்கரம் கீழே இறங்கும்போதெல்லாம் இரும்போடு இரும்பு மோதுவது போல 'டக்' என்று ஓர் ஒலி. முன்டயர்களின் ஓரம் மட்டும் தேய்ந்துபோதல். முன் ஆக்சிலின் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) இரண்டு முறை கிழிந்து கிரீஸ் வெளியே சிதறுதல். இரவில் எதிரே வருகிறவர்கள் ஓயாமல் விளக்கை அணைத்து அணைத்துக் காட்டினார்கள். முகப்பு விளக்கு அவர்களின் கண்ணுக்கு நேராக அடிக்கிறது என்பது எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆயிற்று.

இந்த வண்டியின் முன்பக்கத்தில் வில்பட்டையும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. ஒவ்வொரு பக்கத்திலும் நீளமான ஓர் எஃகுக் கம்பி, டார்ஷன் பார், சட்டத்துக்கு இணையாகப் படுத்திருக்கிறது; அதன் ஒரு முனை சக்கரத்தைத் தாங்கும் ஆர்மோடும் மறுமுனை சட்டத்தோடும் பிணைக்கப்பட்டிருக்கிறது. சக்கரம் மேலே எழும்பும்போது, ஈரத்துணியைப் பிழிவது போல அந்தக் கம்பி முறுக்கப்படுகிறது. விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்பி விடுகிறது. சட்டத்தின் பக்கமுள்ள முனையில் ஒரு போல்ட் உண்டு. அதை இறுக்கினால் வண்டியின் மூக்கு உயரும், தளர்த்தினால் தாழும். நம் பகுதியில் 'சஸ்பென்ஷன் ஏற்றுவது' என்று சொல்லிப் பலர் செய்வது இவ்வளவுதான்.

போல்ட்டை இறுக்குவதால் கம்பியின் வலிமை கூடுவதில்லை. அதன் விறைப்பு விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 10 சதவீதம் தடித்த கம்பியைப் போட்டால் விறைப்பு ஏறத்தாழ 46 சதவீதம் கூடிவிடும், ஆனால் அதே கம்பியை எவ்வளவு இறுக்கினாலும் விறைப்பு அப்படியேதான் இருக்கும். மாறுவது ஆர்ம் நிற்கும் கோணம் மட்டும். நடுவில் நிற்க வேண்டிய ஆர்ம் ஏற்கெனவே கீழ்நோக்கிச் சாய்ந்துவிடுவதால், சக்கரம் பள்ளத்துக்குள் இறங்குவதற்கு மீதி இடம் இருப்பதில்லை. நான் கேட்ட 'டக்' ஒலி, ஆர்ம் தன் எல்லைத் தடையில் போய் மோதிய ஒலி. மலைவழியில் இதனால் வரும் கேடு வசதிக் குறைவோடு நிற்பதில்லை. ஒரு பக்கம் பாறையில் ஏறும்போது மறுபக்கச் சக்கரம் பள்ளத்தின் அடியைத் தொட முடியாமல் அந்தரத்தில் சுற்றத் தொடங்கும். நான்கு சக்கர இயக்கத்துக்குப் பணம் கொடுத்துவிட்டு மூன்று சக்கரத்தில் ஓட்டுவது போலாகும். ஆக்சிலின் முனையிலுள்ள மூட்டும் கூடுதல் கோணத்தில் மடங்கியபடியே சுழல்வதால் பூட் கிழிவதில் வியப்பில்லை.

இந்தப் பட்டறையில் எனக்கு முதலில் பிடித்தது, ஸ்பானரை எடுப்பதற்கு முன்பே அளவு நாடாவை எடுத்தது. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, நான்கு டயர்களின் காற்றையும் சரிசெய்து, சக்கரத்தின் மையத்திலிருந்து மட்கார்டின் விளிம்பு வரை நான்கு மூலைகளிலும் அளந்து சுவரில் சாக்பீஸால் எழுதினார் பட்டறைக்காரர். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் அளவுக்குள் புகுந்துவிடும் என்பதால் மையத்திலிருந்து அளப்பதே சரி. முன்பக்கத்தில் இடத்துக்கும் வலத்துக்கும் 14 மில்லிமீட்டர் வேறுபாடு இருந்தது. பிறகு என்னிடம் கேட்ட கேள்விகள்: முன்னால் வின்ச் (சிக்கிய வண்டியை இழுக்கும் வடச்சுருளி) இருக்கிறதா, இரும்புக் கம்பித் தடுப்பு இருக்கிறதா, பின்னால் வழக்கமாக எவ்வளவு பாரம்? வின்ச் கிடையாது. இரும்புத் தடுப்பை, 2017 டிசம்பரில் மத்திய அரசு அதற்குத் தடை சொன்னபோதே கழற்றிவிட்டேன். உரமும் மருந்தடிக்கும் பம்பும் ஏல மூட்டையும் எல்லாம் பின் ஆக்சிலின் மேல்தான் அமர்கின்றன. "அப்புறம் எதுக்குண்ணே முன்னாடி ஏத்தி வச்சிருக்கீங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கம்பிகளைக் கழற்றியபோதுதான் பெரிய செய்தி வெளிவந்தது. முன்பு உயர்த்தியவர்கள், போல்ட்டின் இழை போதாமல் கம்பிகளை வெளியே எடுத்து, முனையிலுள்ள பற்களின் இடத்தைத் தள்ளி மாட்டியிருக்கிறார்கள். அப்போது இடத்தையும் வலத்தையும் மாற்றிவிட்டிருக்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் தயாரிக்கும்போதே ஒவ்வொரு கம்பியையும் அது வேலை செய்யப்போகும் திசையில் முறுக்கிப் பதப்படுத்துகிறார்கள். அதனால்தான் முனையில் எந்தப் பக்கத்துக்கு உரியது என்ற குறி இருக்கிறது. எதிர்த்திசையில் முறுக்குப்பட்டு நான்கு ஆண்டுகள் உழைத்த கம்பிகளை மீண்டும் மாட்டத் தம்மால் முடியாது என்று அவர் மறுத்துவிட்டார். கூடுதல் செலவு என்று அப்போது எரிச்சலாக இருந்தாலும், இன்று யோசித்தால் அந்த மறுப்புக்காகவே அவரைப் பிறருக்குச் சொல்லலாம். புதிய கம்பிகளைக் கையாண்ட விதமும் கவனிக்கத்தக்கது: மேற்பூச்சில் ஓர் உளிக்கீறல் விழுந்தாலும் துரு பிடித்துப் பின்னர் அந்த இடத்தில்தான் வெடிக்கும் என்று சாக்கில் சுற்றிவைத்து, கடைசி நிமிடத்தில்தான் எடுத்தார்கள். புதியவை பழைய விட்டம், பழைய நீளம். முன்பக்கத்தில் கூடுதல் பாரம் இல்லாத வண்டிக்குத் தடித்த கம்பி தேவையில்லை என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

உண்மையான மேம்பாடு, வண்டியின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரில்தான் செய்யப்பட்டது. பழைய இரட்டைக் குழாய் ஷாக்குகள், கரடான வழியில் நீண்ட நேரம் இறங்கும்போது சூடேறி, உள்ளிருக்கும் எண்ணெய் நுரைத்து, கடைசி அரைக் கிலோமீட்டரில் இருந்தும் இல்லாதவை போல ஆகிவிடும். அவற்றுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயு அடைத்த ஒற்றைக்குழாய் ஷாக்குகளைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்தோம். இவற்றில் வாயுவையும் எண்ணெயையும் ஒரு மிதவைப் பிஸ்டன் பிரித்து வைப்பதால் நுரைப்பது தவிர்க்கப்படுகிறது. எண்ணெய் இருக்கும் குழாயே வெளிச்சுவராகவும் இருப்பதால் சூடு விரைவில் காற்றுக்குப் போகிறது. வாங்கும்போது பலரும் நிறத்தையும் ஸ்டிக்கரையும் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது, முழுவதும் நீண்டபோதும் முழுவதும் சுருங்கியபோதும் ஷாக்கின் நீளம் இந்த வண்டியின் ஆர்ம் அசைவுக்குப் பொருந்துகிறதா என்பதை. பொருந்தாவிட்டால் ரப்பர்த் தடை தாங்க வேண்டிய அடியை ஷாக்கே வாங்கிக்கொள்ளும்.

மூட்டுகளுக்குள் மெத்தை போல இருக்கும் புஷ் விஷயத்தில் எனக்கும் அவருக்கும் சிறு வாக்குவாதம் நடந்தது. பாலியூரித்தேன் புஷ் நீண்ட நாள் உழைக்கும் என்று கேள்விப்பட்டு அதைத்தான் கேட்டேன். ஆர்மின் மூட்டுகளுக்கு ரப்பரே போதும், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாருக்கு மட்டும் பாலியூரித்தேன் போடலாம் என்று அவர் சொன்னதை அரைமனதோடு ஏற்றேன். மழை தொடங்கிய இரண்டாம் வாரத்திலேயே அந்த ஸ்டெபிலைசர் புஷ்கள் கட்டிலைப் போலக் கிரீச்சிடத் தொடங்கின. கிரீஸ் வைத்தால் சில வாரம் அடங்குகின்றன. எல்லா மூட்டுகளுக்கும் அதையே போட்டிருந்தால் வண்டிக்குள் பேச்சுவார்த்தையே நடந்திருக்காது.

ரப்பர் புஷ் மாட்டும்போது பெரும்பாலான இடங்களில் செய்யும் ஒரு பிழையை இங்கே செய்யவில்லை. வண்டி ஜாக்கியில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஆர்மின் போல்ட்டுகளை முழுவதும் இறுக்கிவிட்டால், ரப்பர் அந்தத் தொங்கும் நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். சக்கரம் தரையைத் தொட்டவுடன் நிரந்தரமாக முறுக்குப்பட்ட நிலையில் இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும். இவர் போல்ட்டுகளைத் தளர்வாக விட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, ஆலை தந்த உயரத்துக்கு மூக்கைச் சரிசெய்து, சிறிது தூரம் ஓட்டிப்பார்த்த பிறகே குழிக்குள் இறங்கி இறுதியாக இறுக்கினார். ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டுகளும் ஸ்டெபிலைசர் பாரை ஆர்மோடு இணைக்கும் லிங்குகளும் புதியவை.

உயரத்தை ஆலை அளவுக்கே கொண்டுவந்ததில் இன்னொரு நிம்மதியும் உண்டு. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை வலியுறுத்தியது. மலைக்கு அந்தப் பக்கம் உயர்த்திய ஜீப்புகளை நிறுத்திப் பார்க்கும் வழக்கம் இருப்பதை நம்மவர்கள் அறிவார்கள்.

ஓட்டத்தில் தெரிந்த மாற்றங்களில் முதன்மையானது இறக்கத்தில். போடிமெட்டிலிருந்து இறங்கும்போது வளைவுக்கு முன் பிரேக் பிடித்தால் முன்பெல்லாம் மூக்கு குப்புற விழுந்து, பிறகு ஒருமுறை எழும்பி ஆடும். இப்போது ஒரே அமுக்கில் தாழ்ந்து அங்கேயே நிற்கிறது. ஸ்டியரிங்கை நேராக வைத்திருக்கச் செய்துகொண்டே இருந்த சிறு திருத்தங்கள் தேவைப்படவில்லை. தோட்டத்துப் பள்ளத்தில் முன்பு அந்தரத்தில் சுழன்ற சக்கரம் இப்போது அடியைத் தொட்டுவிடுவதால், வழக்கமாகப் பாறாங்கல் போட்டு ஏற வேண்டிய ஓரிடத்தில் லோ கியரில் அப்படியே ஏறுகிறது. வயிறு தட்டுவது மட்டும் பழையபடி உண்டு. அதற்கு வழியிலுள்ள இரண்டு கற்களைக் கடப்பாரையால் பெயர்த்தோம், இதை நான்கு ஆண்டுகளுக்கு முன்பே செய்திருக்கலாம். குறையென்று சொன்னால், பாரமில்லாமல் ஊருக்குள் மெதுவாகப் போகும்போது புதிய ஷாக்குகள் சிறு குழிகளையும் விடாமல் எண்ணிக் காட்டுகின்றன. என் மனைவிக்குப் பழைய தொளதொளப்பே பிடித்திருந்தது.

பட்டறையின் குறைகளும் உண்டு. மூன்று நாள் என்றது ஆறு நாளாயிற்று. ஒரு பால் ஜாயிண்ட் மதுரையிலிருந்து தவறான அளவில் வந்து திரும்பிப் போனதே காரணமென்றாலும், அதை நானே போய்க் கேட்கும்வரை யாரும் தொலைபேசியில் சொல்லவில்லை. ரசீது, துண்டுச்சீட்டில் மொத்தத் தொகையோடு நின்றுவிட்டது. உதிரிப்பாகங்களின் எண்களைக் கேட்டு வாங்கி நானே எழுதிக்கொண்டேன். சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வீல் அலைன்மென்ட் எந்திரம் அங்கே இல்லாததால் தேனிக்குச் சென்று செய்ய வேண்டியிருந்தது. செலவுக் கணக்கு இது: ஷாக்குகள் இரண்டும் 17,000 ரூபாய், டார்ஷன் கம்பிகள் 9,600, புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் எல்லாம் சேர்ந்து 13,400, கூலி 7,500, இரண்டு முறை அலைன்மென்ட்டுக்கு 1,200, ஆக 48,700.

அலைன்மென்ட் இரண்டு முறை ஆனதற்குக் காரணம், புதிய கம்பிகள் தொடக்கத்தில் சிறிது தளர்ந்து அமரும் என்பது. 1,000 கிலோமீட்டர் கழித்து வரச் சொல்லியிருந்தார்; போனபோது சுவரில் இருந்த சாக்பீஸ் எண்களுக்குப் பக்கத்தில் புதிய எண்களை எழுதினார். வலப்பக்கம் 5 மில்லிமீட்டரும் இடப்பக்கம் 6 மில்லிமீட்டரும் தாழ்ந்திருந்தன. போல்ட்டை ஒரு சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிச் சமன்செய்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை. சென்ற வாரம் நானே வீட்டு வாசலில் நாடா பிடித்துப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவில் நிற்கின்றன.